நான் கதையாமல் படிப்பித்த மாரி

மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, என் குரல்வளையை எனக்கே திரையில் காட்டினார் வைத்தியர். இரண்டு குரல்நாண்களிலும் அரிசிக் குறுணி அளவில் ஒவ்வொரு தடிப்பு, ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். படிப்பிக்கிறேன் என்றேன். அந்தச் சொல்லில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது.

சத்திரசிகிச்சை இப்போது வேண்டாம், முதலில் குரலுக்கு ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்றார். அடுத்த கிளினிக்குக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதுவரை ஒரு சொல்லும் பேசக்கூடாது. சரி, பிள்ளைகளோடு மெதுவாகக் கதைத்துச் சமாளிக்கிறேன் என்று நான் தொடங்க, கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குசுகுசுக்கவும் கூடாது ரீச்சர். அது கத்துறதைவிடக் கூடாத வேலை."

வீடு மானிப்பாயில். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. கொண்டக்டருக்கு இறங்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்லலாம். வீட்டில் கணவருக்கு எழுதிக் காட்டலாம். என் வகுப்பை என்ன செய்வது?

குருநகர்க் கரைக்குக் கிட்ட உள்ள பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் நான் படிப்பிக்கிறேன். அலகு என்பது பெரிய சொல். பாடசாலையின் பின்பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட அறை. ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பத்துக்கும் குறைவான பிள்ளைகள். கேட்கக் கஷ்டப்படும் பிள்ளை, டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை என்று எல்லோரும் ஒரே அறையில். அந்த அறையை நான் குரலால்தான் நடத்திவந்தேன். காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கி பழுதானால் அதிபர் என்னைத்தான் முன்னுக்கு அனுப்புவார். மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லீவு எடுக்கச் சொல்லி அதிபரே சொன்னார். ஆனால் பயிற்சி பெற்ற வேறு ஆசிரியர் இல்லை. நான் லீவு எடுத்தால் அறையைப் பூட்டுவார்கள், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். முன்பு ஒருமுறை பயிற்சிக்காக நான் போயிருந்தபோது அப்படித்தான் நடந்தது. திரும்பி வந்தபோது கழிவறைக்குத் தனியாகப் போகப் பழகியிருந்த பிள்ளைகூட அதை மறந்துவிட்டிருந்தது.

அப்போது எங்களோடு ஒரு தாய் இருந்தாள். அவளுடைய மகனுக்குப் பதின்மூன்று வயது. டவுண் சின்ட்ரோம் உள்ளவன். கணவன் நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் மகனோடு வந்து வகுப்பில் எனக்கு உதவியாக நின்றுவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் தையல் தைப்பாள். யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. என் தொண்டைக் கதையைக் கேட்டதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"நீங்கள் வாங்கோ ரீச்சர். உங்கடை வாயா நான் இருக்கிறன்."

அந்த ஒரு வாக்கை நம்பித்தான் லீவு எடுக்காமல் திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

அது கார்த்திகை மாதம். ஞாயிறு முழுக்க மழை. நான் பாடசாலை வாசலில் இறங்கும்போது தொலைபேசியில் அவளுடைய செய்தி வந்தது: வீட்டுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது, மெசினையும் துணிகளையும் உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும், இன்றைக்கு வர முடியாது, மகனை மட்டும் வான் வண்டியில் ஏற்றி விட்டிருக்கிறேன்.

நான் விறாந்தையில் நின்று அதை இரண்டு தரம் வாசித்தேன். உள்ளே பிள்ளைகள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

வழக்கமாக, "எல்லாரும் இருங்கோ" என்று நான் ஒரு குரல் கொடுத்தால்தான் வகுப்பு தொடங்கும். அன்றைக்குக் கரும்பலகையில் எழுதினேன். ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையைத் தட்டினேன். அவர்களும் சந்தோசமாகத் தட்டினார்கள். மூலையில் குருநகர்ப் பிள்ளை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள். ஒன்பது வயது, ஓட்டிசம் உள்ளவள்; தகப்பன் கடலுக்குப் போகிறவர். அறையில் சத்தம் கூடினால் முதலில் காதைப் பொத்துவாள். அதற்கும் மேலே போனால் தன் மணிக்கட்டைத் தானே கடிப்பாள். அந்த இடம் தடித்து, காய்த்துப்போய் இருந்தது. அவள் வகுப்பில் கதைத்ததில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளை என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அலுமாரிக்குப் பின்னால் பழைய கலண்டர் மட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, தடித்த மாக்கர் பேனையால் 'இருங்கோ' என்று பெரிதாக எழுதினேன். அதை நெஞ்சில் பிடித்துக்கொண்டு பாயில் போய் இருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாயின் மகன்தான் முதலில் வந்தான். அவனுக்கு அதிகாரம் பண்ணப் பிடிக்கும். கதிரைகளை வரிசையாக வைப்பான், மற்றப் பிள்ளைகளை அதட்டுவான், இடைவேளையில் விறாந்தையில் நின்று போக்குவரத்துப் பொலிஸ் மாதிரிக் கை காட்டுவான். ஆனால் வாசிப்புப் புத்தகத்தைத் திறந்தால் நெற்றியை மேசையில் வைத்துவிடுவான். ஒரு வருடமாக அவனுக்கு நான் செய்யாத வித்தை இல்லை. எழுத்துகள் பலவும் அவனுக்குத் தெரியும். அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவதில் அவனுக்கு எந்த லாபமும் தெரியவில்லை.

என் முன்னால் வந்து நின்று, என் வாயைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மட்டையைப் பார்த்தான். விரலை வைத்தான்.

"இ" என்றான். பிறகு அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினான். "இ... ரு..."

நான் இருந்த பாயைப் பார்த்தான். மறுபடி மட்டையைப் பார்த்தான். பிறகு சட்டென்று வகுப்பின் பக்கம் திரும்பி, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னான்:

"இருக்கட்டாம்."

வகுப்பு இருந்தது. எல்லோரும் இல்லை, ஆனால் அநேகமானவர்கள். அவன் அவர்களைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்தது என்ன என்பதுபோல என்னிடம் கையை நீட்டினான்.

அவசரமாக இன்னொரு மட்டையை எடுத்தேன். 'தண்ணி குடியுங்கோ' என்று எழுதினேன். அதற்கு அவனுக்கு நேரம் பிடித்தது. 'தண்ணி' வந்துவிட்டது, மிச்சத்தை ஊகித்தான். "தண்ணி குடிக்கட்டாம்" என்று அறிவித்தான். மத்தியானத்துக்குள் பாய் விரிக்கட்டாம், கை கழுவட்டாம், மணி அடிக்கட்டாம் என்று என்னுடைய கட்டளைகள் எல்லாம் அவன் வாயால் போயின. தன்னைத் தவிர வேறொருவரிடமும் மட்டையைக் காட்ட அவன் என்னை விடவில்லை.

அடுத்த நாள் தாய் வந்தாள். குடையை மடக்கியபடி வாசலில் நின்றவள் உள்ளே வரவில்லை. மகன் எனக்குப் பக்கத்தில் நின்று, விரலை வைத்து, 'கொப்பி எடுங்கோ' என்பதை வாசித்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லி முடித்து, பிள்ளைகள் கொப்பி எடுக்கப் போன பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றினாள்.

"உவன் வாசிக்கிறானோ ரீச்சர், இல்லாட்டி உங்கடை முகத்தைப் பாத்துச் சொல்லுறானோ?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நான் ஒரு துண்டுத் தாளில் 'இரண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாசித்துவிட்டு, முகத்தைத் துடைப்பதுபோல் சேலைத் தலைப்பை எடுத்தாள். மழையில் நனைந்த முகம்தான்.

என் வாயாக இருக்க வந்தவளுக்கு இப்போது அந்த வேலை இல்லை. அவள் கத்தரிக்கோலை எடுத்து மட்டைகளை வெட்டத் தொடங்கினாள். தையல்காரியின் கை, எல்லா மட்டையும் ஒரே அளவில், மூலை வட்டமாக வந்தன.

அந்தக் கிழமையே அதிபர் வகுப்பைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், தமிழ் படிப்பித்தவர். சுவரில் ஒட்டியிருந்த மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருங்கோ, எடுங்கோ, வாங்கோ, குடியுங்கோ. அவருடைய முகம் சுருங்கியது. இதெல்லாம் பேச்சுத் தமிழ் எல்லோ, புத்தகத்தில் 'உட்காருங்கள்' என்றுதானே இருக்கிறது, பிள்ளைகள் பிழையாகப் பழகிவிடுவார்கள் என்றார்.

குரல் இருந்திருந்தால் நான் பத்து நிமிடம் வாதாடியிருப்பேன். எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் உட்காரச் சொல்வதில்லை, இருக்கத்தான் சொல்வோம். தெரியாத சொல்லைத் தெரியாத எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு சுமை என்றெல்லாம் சொல்லியிருப்பேன். அவரும் பதிலுக்குப் பத்து நிமிடம் சொல்லியிருப்பார். எழுதத் தாளில் அவ்வளவு இடம் இல்லை. 'முதலில் இருக்கட்டும் சேர். பிறகு உட்காரட்டும்' என்று எழுதி நீட்டினேன்.

அவர் வாசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு போனார். பிறகு அவருடைய கந்தோரில் சேர்ந்திருந்த பழைய கலண்டர்கள் எல்லாம் எங்கள் அறைக்கு வந்தன.

என் குரல் இல்லாமல் போனதில் அறைக்குள் வேறு மாற்றங்களும் வந்தன. முன்பு ஒரு பிள்ளை கத்தினால் அதற்கு மேலே நான் கத்துவேன், அதற்கு மேலே அடுத்த பிள்ளை கத்தும். இப்போது அந்த ஏணியில் ஒரு படி இல்லாமல் போய்விட்டது. யாராவது சத்தம் போட்டால் நான் கிட்டப் போய் முழங்காலில் இருந்து, முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் ஏன் கத்துகிறான் என்பதும் பல தடவை தெரிந்தது. ஒருவனுக்குக் கண்ணில் வெயில் பட்டது. ஒருத்திக்குச் சட்டையின் கழுத்து உரசியது.

எங்கள் வகுப்பில் எல்லோரிலும் சின்னவனுக்கு ஏழு வயது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போது அவனுக்கு உலகமே முடிந்துவிடும். பாட்டு முடிந்தது என்றால் கையில் கிடைப்பதை எறிவான், நிலத்தில் விழுந்து உதைப்பான். அவனுக்காக எங்கள் தையல்காரத் தாய் சுவரில் ஒரு கயிறு கட்டினாள். அன்றைய வேலைகளை ஒவ்வொரு மட்டையில் எழுதி, பக்கத்தில் சின்னப் படமும் கீறி, உடுப்புக் கிளிப்பால் வரிசையாகக் கொழுவினோம். பாட்டு, கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. ஒன்று முடிந்ததும் அவனே அந்த மட்டையைக் கழற்றி ஒரு பழைய பால்மாத் தகர ரின்னுக்குள் போட வேண்டும். மட்டை ரின்னின் அடியில் விழும் 'டொக்' என்ற சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. எறிகிற ஆசைக்கும் அது ஒரு வழியாக இருந்தது. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் ரின்னையே எறிந்தான். ஆனால் 'வீடு' என்ற சொல் கயிற்றின் கடைசியில் தொங்குவதைக் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து இருப்பான். வீட்டுக்குப் போவோமா மாட்டோமா என்ற பயம்தான் இவ்வளவு நாளும் அவனை உதைக்கச் செய்ததோ என்று எனக்குத் தோன்றியது.

பிறகுதான் அந்த ஓட்டம் நடந்தது.

அன்றைக்கு மழை விட்டு நல்ல வெயில். நான் 'பாடுங்கோ' என்று எழுதிய மட்டையைத் தூக்கினேன். எங்கள் பேச்சாளனாகிவிட்ட அந்தத் தாயின் மகன் அப்போது கொஞ்சம் தேறியிருந்தான். தேறியதால் அவசரமும் வந்திருந்தது. முதல் எழுத்தைப் பார்க்காமல் சொல்லின் வாலை மட்டும் பார்த்துவிட்டு அறிவித்தான்:

"ஓடட்டாம்."

இப்படியொரு கட்டளை எங்கள் வகுப்பில் அதற்கு முன் வந்ததில்லை. ஒரு கணம் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். வாசல் வழியாக விறாந்தை, விறாந்தையிலிருந்து மைதானம். பேச்சாளனும் முன்னால் ஓடினான். நில்லுங்கோ என்று கத்த வாய் திறந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மைதானத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பெரிய வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கு வழி விட்டார்கள். அங்கே தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் எல்லோரும் ஒரு சுற்று ஓடி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. சிரிக்கவும் கூடாது என்று வைத்தியர் சொல்லவில்லை.

சேறு படிந்த கால்களோடு அவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது தாய் வாசலில் நின்றாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எல்லாரும் ஓடேல்லை ரீச்சர்" என்றாள். "உவள் ஓடேல்லை. உவள் இருந்து பாடினவள்."

மூலையில் குருநகர்ப் பிள்ளை பாயில் இருந்தாள். காதுகளில் கை இல்லை. நாங்கள் வந்த சத்தத்தில் மறுபடி பொத்திக்கொண்டாள். எல்லோரும் வெளியே போனதும், கரும்பலகையில் நான் சாத்தி வைத்துவிட்டுப் போன மட்டையைப் பார்த்துக்கொண்டு, காலைப் பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை மெல்லிய குரலில் பாடியிருக்கிறாள். சொற்களோடு. தாய் மூச்சு விடவும் பயந்து அங்கேயே நின்றிருக்கிறாள்.

தற்செயலாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். மனம் அப்படி நினைக்கத்தான் பழகியிருந்தது. அடுத்த நாள் மற்றப் பிள்ளைகள் விளையாடப் போன நேரம், அவளுக்கு முன்னால் ஒரு மட்டையை வைத்தேன். 'கை தட்டுங்கோ.' நான் கையை அசைக்கவில்லை; முகத்தையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். இரண்டு சின்னத் தட்டல் கேட்டது. அடுத்ததாக ஒருபோதும் வகுப்பில் சொல்லாத ஒன்றை எழுதினேன். 'ரீச்சரின் செருப்பைக் கொண்டு வாங்கோ.' அவள் எழுந்து விறாந்தைக்குப் போனாள். அத்தனை செருப்புகளுக்குள்ளிருந்து என்னுடையதைச் சரியாக எடுத்து வந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக என் முன்னால் வைத்தாள்.

எவ்வளவு காலமாக வாசிக்கத் தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் எப்போதும் அவளிடம் உரத்து வாசி, உரத்து வாசி என்றுதான் கேட்டோம். சத்தத்தைக் கண்டு பயப்படும் பிள்ளையிடம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் வாயை மூடிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்ததைக் காட்ட ஒரு வழி திறந்தது.

அதற்குப் பிறகு யோசனை ஒன்று வந்தது. நான் அவளுக்கு மட்டை காட்டலாம் என்றால், அவளும் எனக்குக் காட்டலாமே. சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்ன மட்டையை வெட்டி, 'போதும்' என்று எழுதி, பேச்சாளனின் தாயைக் கொண்டு அவளுடைய சட்டையில் ஒரு பொக்கற் தைப்பித்து அதற்குள் வைத்தேன். அவள் காதைப் பொத்தத் தொடங்கும்போதெல்லாம் தாயோ நானோ அந்த மட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, அதை என் கையில் வைக்கச் செய்து, உடனே விறாந்தைக்குக் கூட்டிப் போனோம். விறாந்தையின் கோடியில் ஒரு கதிரை. அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவளாகவே திரும்பி வருவாள். ஒவ்வொரு நாளும் அதையே செய்தோம். அவளாக எடுப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தது.

ஒருநாள் கடும் மழை. தகரம் இடிந்து விழுவதுபோல் சத்தம். சின்னவனும் சேர்ந்து அலறினான். நான் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மடியில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தேன். 'போதும்.'

குருநகர்ப் பிள்ளை எனக்கு முன்னால் நின்றாள். மணிக்கட்டைக் கடிக்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியிலும் அதே மழைதான், விறாந்தையிலும் சாரல். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டால் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேரும் நனைந்துகொண்டு கோடியில் நின்றோம். அவள் காதைப் பொத்தியிருந்தாள், நான் அழுதுகொண்டிருந்தேன்.

மீன் விற்று முடித்து, மத்தியானம் மோட்டார் சைக்கிளில் மகளை ஏற்ற வரும் தகப்பன் அதிகம் கதைக்காத மனிதர். மகளின் பொக்கற்றில் இருக்கும் மட்டை என்ன என்று பேச்சாளனின் தாயிடம் விசாரித்திருக்கிறார். அவள் எல்லாவற்றையும் சொல்ல, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"வீட்டுக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ ரீச்சர். நாங்கள் சத்தமான ஆக்கள். கடல்லை கத்திக் கத்திப் பழகிப்போச்சு."

எழுதிக் கொடுத்தேன். நனைந்தாலும் பழுதாகாமல் இருக்க அதைப் பொலித்தீனில் சுற்றி, ஓரத்தை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டினார் அவர். எங்களுடைய மட்டைகளுக்கும் அப்படியே செய்து தரலாம் என்று சொல்லி, ஒரு பையில் எல்லாவற்றையும் வாங்கிப் போய், இரண்டு நாளில் கொண்டு வந்து கொடுத்தார். லேசாக மீன் மணத்தது. இப்போதும் அவற்றைத்தான் பாவிக்கிறோம்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவரே வந்து சொன்னார். சொல்லத் தொடங்க முன்பே அவருக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் பூசை. ஒலிபெருக்கி தூணுக்குத் தூண் கட்டியிருக்கிறது. சுவாமியார் பிரசங்கம் வைக்கிறார். நத்தார் காலம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே வைக்கிறார். முன்பென்றால் இந்த நேரத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு அவள் எழும்பி, இருக்கைகளுக்கு நடுவே நேரே நடந்திருக்கிறாள். தகப்பன் பிடிக்க முதல் பீடத்துக்குப் போய், சுவாமியாரின் கையில் மட்டையை வைத்துவிட்டாள்.

"சுவாமி வாசிச்சுப் பாத்தார் ரீச்சர். மைக்குக்கு முன்னாலை வாசிச்சிட்டார். 'போதும்' எண்டு கோயில் முழுக்கக் கேட்டுது."

சனம் முதலில் பயந்துபோய், பிறகு சிரித்திருக்கிறது. சுவாமியாரும் சிரித்துவிட்டு, சரி பிள்ளை என்று சொல்லி, பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்தபோது, பெயர் தெரியாத ஆட்கள்கூட வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். இதுவரை அவளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதென்றால் கடைசி வரிசையில், வாசலோடுதான் இருப்போம், இனி நடுவில் இருக்கலாம் என்று நினைக்கிறோம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கிளினிக் நாள் வந்தது. மறுபடி குழாய், மறுபடி திரை. தடிப்புகள் நன்றாகச் சுருங்கிவிட்டன, சத்திரசிகிச்சை தேவைப்படாது என்றார் வைத்தியர். கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கலாம். எப்படி இவ்வளவு ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள், ஆசிரியர்கள் யாருமே கேட்பதில்லை என்றார். எனக்குப் பேச்சாளர் ஒருவர் கிடைத்தார் என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக, மெல்லியதாக இருந்தது.

பாடசாலையின் புதுத் தவணை தொடங்கிய முதல் நாள், நான் வகுப்பில் "வணக்கம் பிள்ளையள்" என்றேன். அறை அமைதியாகியது. பேச்சாளன் என்னை நம்பாமல் பார்த்தான். கிட்ட வந்து, ஒரு விரலை என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"நீங்கள் கதையாதேங்கோ ரீச்சர். நான் சொல்லுறன்."

அவனுக்கு அது வேலை. வேலை போகப்போகிறது என்று அவனுக்குப் பயம். நான் ஓம் என்று தலையாட்டினேன். காலை முதல் பகுதியில் இன்றைக்கும் நான் கதைப்பதில்லை. மட்டைகள்தான். முன்பு ஒரு சொல்லாக இருந்தவை இப்போது வசனங்களாகிவிட்டன. 'உட்காருங்கள்' என்ற மட்டையும் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் தடுமாறி, "இருக்கட்டாம், சேர் சொல்லுற மாதிரி" என்றான். அதிபர் வந்தபோது அதை அவருக்கு ஒருமுறை செய்து காட்டினோம்.

வாசிக்கிறானா, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறானா என்று அவன் தாய் அன்றைக்குக் கேட்டதற்கு முழுப் பதில் அடுத்து வந்த ஆடி அமாவாசையில்தான் அவளுக்குக் கிடைத்தது. தகப்பனை இழந்தவர்கள் தீர்த்தமாடும் நாள் அது; எனக்கும் தகப்பன் இல்லை, அவனுக்கும் இல்லை. மூவருமாகக் கீரிமலைக்கு ஒரே பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் அவள் ஒரு கவலையைச் சொன்னாள். கணவன் போனதிலிருந்து மகனைப் பெண்களின் கேணிக்குத்தான் தன்னோடு கூட்டிப் போகிறாளாம். போன வருடம் அங்கே இரண்டு மூன்று பெண்கள் முகத்தைச் சுழித்திருக்கிறார்கள். மீசை அரும்புகிற பிள்ளை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆண்களின் கேணிக்குத் தனியாக விடப் பயம். இம்முறை குளிக்காமல், தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டுத் திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிப் போனோம். சனம் நெருக்கியது. கேணிகளுக்குப் பிரியும் இடத்தில் ஒரு பலகை. அவன் அதற்கு முன்னால் நின்றுவிட்டான். விரலை ஆகாயத்தில் வைத்து நகர்த்தினான். அவனுக்கு முன்னால் என் முகம் இல்லை. நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம்.

"ஆ... ண்... கள்" என்றான். பிறகு தாயின் பக்கம் திரும்பினான். "நான் இஞ்சாலை. நீங்கள் அங்காலை போங்கோ அம்மா."

அவள் போகவில்லை. படிக்கட்டில் நின்ற ஒரு பெரியவரிடம், ஐயா, இவனை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ என்று கேட்டாள். அவர் அவனைப் பார்த்துவிட்டு, வா தம்பி என்று கையைப் பிடித்தார். மதில் அருகில் நாங்கள் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் தெரியவில்லை, கடல் தெரிந்தது. அவள் கையில் அவனுடைய துவாயைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

தலை சொட்டச் சொட்ட, சட்டையை உள்புறம் வெளியே போட்டுக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு அவன் வந்தான். ஐயாவின் கையைப் பிடித்துத்தான் மூழ்கினேன், அப்பாவுக்கும் சொன்னேன் என்றான். அவள் அவன் தலையைத் துவட்டத் துவட்ட, துவாய்க்குள் அவன் முகமும் அவள் அழுகையும் மறைந்தன.

பிறகு நாங்கள் குளித்துவிட்டு நகுலேஸ்வரத்துக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். ஐயர் யாருடைய பெயருக்கு என்று கேட்டார். வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். அந்தத் தாயின் பெயரைச் சொன்னேன், வைத்தியரின் பெயரையும் சொன்னேன். கடைசியில் குருநகர்ப் பிள்ளையின் பெயர் வந்தது, கிறிஸ்தவர்கள் வைக்கும் வேதக்காரப் பெயர். ஐயர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லி அர்ச்சனை செய்தார்.